குன்றின்மேல் ஏறிய வாளி

குழந்தைப் பாடல்களை எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. வானத்து நிலாவைக் கூப்பிட்டுப் பூக் கொண்டுவரச் சொல்லும் தாயிடம், "நிலாவுக்குக் கையேது, கூடையேது?" என்று கேட்பார் இல்லை. குழந்தை சோறுண்ண வேண்டும். அதற்குப் பாட்டு வேண்டும். பாட்டிற் பொருளுண்டா என்பது உண்டு முடித்தபின் எழ வேண்டிய கேள்வி. உண்டு முடித்த குழந்தையோ உறங்கிவிடுகின்றது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பல பாடல்கள் சாட்சிக் கூண்டில் ஏறாமலே தப்பி வந்துள்ளன.

அவ்வாறு தப்பி வந்தவற்றுள் ஒன்று, ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பாலர்கள் கைதட்டிப் பாடும் ஜாக், ஜில் என்பவர்களின் பாட்டு. கதை மிகச் சிறிது. ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவருவதற்காகக் குன்றின்மேல் ஏறுகின்றனர். சிறுவன் விழுந்து உச்சந்தலையை உடைத்துக்கொள்கின்றான். சிறுமியும் அவன் பின்னே உருண்டு வருகின்றாள். அடுத்த பகுதியிற் சிறுவன் எழுந்து வீட்டுக்கு ஓடிச் சென்று, வினாகிரியில் நனைத்த பழுப்புக் கடதாசியைத் தலையிற் சுற்றிக்கொண்டு படுத்துவிடுகின்றான். அவ்வளவே கதை.

இக்கதையை ஒரு நீதவானின் முன் நிறுத்தினால் அவர் கேட்கக்கூடிய கேள்விகள் பல. வாளி ஒன்று, அதைத் தூக்கச் சென்றவர் இருவர் ஏன்? விழுந்தவன் சிறுவன், சிறுமி ஏன் விழுந்தாள்? தலை உடைந்தவன் எவ்வாறு ஓடினான்? ஓடத்தக்க நிலையில் இருந்தவனுக்குக் கட்டு எதற்கு? ஊறுகாய்க்கு உரிய வினாகிரி தலைக்கு எவ்வாறு வந்தது? இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. நீர் பள்ளத்தை நாடும் என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். அவ்வாறிருக்க, தண்ணீருக்காக மேட்டில் ஏறச் சொன்ன பெரியவர் யார்?

இக்கேள்விகள் அறிஞர்களையும் விட்டபாடில்லை. ஜாக் என்பவன் பிரான்சிய மன்னன் பதினாறாம் லூயி என்றும், ஜில் என்பவள் அவன் அரசி மரி அந்துவானெற் என்றும் சிலர் விளக்கம் கூறினர். மன்னன் தலை போயிற்று; அரசியின் தலையும் பின்னே போயிற்று; ஆதலாற் பாட்டு விளங்கிற்று என்பது அவர்கள் முடிபு. இவ்விளக்கத்தில் ஒரு சிறு குறை உண்டு. அவ்விருவரும் தலை இழந்தது 1793ஆம் ஆண்டில். பாட்டோ அதற்கு முன்னரே இங்கிலாந்தில் அச்சேறிவிட்டது. தலை விழுமுன் ஒப்பாரி பாடிய புலவர் எந்நாட்டிலும் இருந்ததில்லை. இன்னும் சிலர், ஜில் என்பது ஆங்கிலேயரின் ஒரு முகத்தலளவையின் பெயரன்றோ, ஆகையால் இது மதுவுக்கு விதித்த வரியைப் பற்றிய பாட்டு என்றனர். வரி கூடினால் மக்கள் அழுவதுண்டு, கைதட்டிப் பாடுவதில்லை.

இவற்றினும் சுவையான விளக்கம் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்னோரி ஸ்டர்லுசன் என்னும் அறிஞர் தொகுத்த பழங்கதைகளுள் ஒன்று, கிணற்றடியிலிருந்து வாளியிற் நீர் சுமந்து வந்த ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் சந்திரன் வானத்துக்குத் தூக்கிச் சென்றான் என்று கூறுகின்றது. சிறுவன் பெயர் ஹியூக்கி. சிறுமி பெயர் பில். நிலாவின் கறையிலே தமிழ்ப் பாட்டிமார் முயலைக் கண்டனர். வடை சுடும் ஆச்சியைக் கண்டனர். வடதிசைப் பாட்டிமார் தண்ணீர் வாளியைக் கண்டனர். இவ்விருவருமே பிற்காலத்தில் ஜாக், ஜில் ஆயினர் என்று 19ஆம் நூற்றாண்டில் பாரிங்-கோல்ட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் எழுதினார். அஃது உறுதிப்பட்ட செய்தியன்று. ஆயினும் அக்கதையிற் பயனுள்ள ஒரு பொருள் இருக்கின்றது. ஐஸ்லாந்துப் பிள்ளைகள் வாளியைக் கையிற் பிடித்து வரவில்லை. ஒரு தடியிற் கோத்து, இரு முனையையும் இருவர் தோளில் வைத்துச் சுமந்து வந்தனர்.

இத்தடி ஒன்று கைக்கு வந்ததும் வழக்கிற் பாதி தீர்ந்துவிடுகின்றது. பத்து லீற்றர் நீர் பத்துக் கிலோகிராம் நிறையுள்ளது. சரிவில் ஒரு பிள்ளையால் தனியே அதைச் சுமக்க இயலாது. ஆகவே இருவர் சென்றது முறையே. தடியின் ஒரு முனையைத் தாங்கியவன் இடறினால் மறுமுனையைத் தாங்கியவள் நிற்க முடியாது. ஆகவே அவள் விழுந்ததும் முறையே. வினாகிரியும் பழுப்புக் கடதாசியும் அக்காலத்து இங்கிலாந்து வீடுகளில் வீக்கத்துக்கும் அடிகாயத்துக்கும் வழங்கிய கைமருந்து. ஆகவே மருத்துவமும் முறையே. எஞ்சியிருப்பது குன்று ஒன்றுதான்.

குன்றைப் பற்றிய கேள்வியை இங்கிலாந்துப் பிள்ளைகள் கேட்பதில்லை. அந்நாட்டிற் குன்றுகளின் சரிவிலே ஊற்றுகள் பலவிடத்துத் தோன்றும். சோமர்செற் மாவட்டத்திலுள்ள கில்மர்ஸ்டன் என்னும் சிற்றூர், ஜாக்கும் ஜில்லும் ஏறிய குன்று தன்னுடையதே என்று உரிமை கொண்டாடி வருகின்றது. அக்கேள்வியைக் கேட்கத் தக்கவர்கள் புத்தளக் கரையிலே வாழும் பிள்ளைகளே. ஏனெனில், மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டிற் குன்று என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. காற்றுக் குவித்த மணல்மேடுகளே அங்குள்ள மலைகள். ஆறும் இல்லை. புத்தளம் என்னும் ஊர்ப்பெயரிலேயே உப்பளத்தைக் குறிக்கும் "அளம்" என்ற சொல்லைக் காண்போர் உளர். இருபுறமும் உப்பு நீர், ஊர்ப்பெயரிலும் உப்பு. இத்தகைய இடத்தில் ஒரு பாலன், "தண்ணீருக்காக ஏன் மேலே ஏறினார்கள்? கிணறு கீழேயல்லவா இருக்கின்றது?" என்று கேட்டால், ஆசிரியர் அவனைக் கையமர்த்திவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவது எளிது. ஆயின் அவன் கேள்விக்கு உண்மையான விடை ஒன்று உண்டு. அவ்விடை அவன் காலடியிலேயே இருக்கின்றது.

விடைக்குப் போகுமுன் இன்னொரு பெரியாரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கின்றது. மணலிலே கேணி தோண்டத் தோண்ட நீர் ஊறும். அதுபோலக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்று திருவள்ளுவர் கல்வி அதிகாரத்திற் கூறியுள்ளார். அவர் கற்பிட்டிப் பக்கம் வந்திருந்தால், மாம்புரியிலோ ஏத்தாளையிலோ ஒரு தோட்டக்காரர் அவரை வணங்கி வழிமறித்து, "ஐயா, கல்வியைப் பற்றித் தாங்கள் சொன்னது சரி, மணற்கேணியைப் பற்றி மட்டும் ஒரு விண்ணப்பம். இங்கே அளவுக்கு மேல் தோண்டினால் ஊறுவது உப்பு" என்று சொல்லியிருப்பார். ஆற்றுமணற் கேணிக்கு வள்ளுவர் வாக்குப் பொருந்தும். கடலோர மணலுக்குக் கீழே வேறொரு கணக்கு இருக்கின்றது.

அக்கணக்கு இது. குடாநாட்டின் மணலிற் பெய்யும் மழை ஓடிப் போவதில்லை. அப்படியே உள்ளே இறங்குகின்றது. கீழே இருபுறத்திலிருந்தும் கடல்நீர் மணலினுள் ஊடுருவி நிற்கின்றது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகையால் மழைநீர் அதன்மேல் மிதக்கின்றது. மணற்பருக்கைகளின் இடுக்குகள் நீரை விரைந்து அசையவிடாமையால் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. கரையோரத்தில் மெலிந்தும் நடுவிலே தடித்தும், வில்லைக் கண்ணாடி போன்ற வடிவில், ஒரு நன்னீர்த் திரள் குடாநாட்டின் அடியிலே மிதந்துகொண்டிருக்கின்றது. அங்குள்ள ஒவ்வொரு கிணறும் அத்திரளிலே தோய்ந்த ஒரு வாளியேயாகும்.

களப்பிலே சுமையேற்றிய தோணியைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். நீருக்கு மேலே தெரியும் பகுதி சிறிது. நீருக்குள் அமிழ்ந்திருப்பது பெரிது. அவ்வாறே, மணலுக்குள் நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் அமிழ்ந்து நிற்கும். நாற்பத்தோரடி நன்னீரின் பாரம் நாற்பதடிக் கடல்நீரின் பாரத்துக்குச் சமம் என்பதே இதன் காரணம். தோணியிலிருந்து சுமையை இறக்கினால் அதன் அடிப்பாகம் மேலெழுகின்றது. கிணற்றிலிருந்து நீரை மிகுதியாக இறைத்தாலும் அதுவே நிகழ்கின்றது. மேலே ஓர் அடி குறைந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், கீழே உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி உயர்ந்து வரும். மேலே தெரிவது ஓர் அடி இழப்பு. தெரியாமற் போவது நாற்பது அடி.

இவ்விதியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைத்தவர் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர். 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியரும், வடகடலில் உள்ள ஒரு மணற்றீவின் கிணறுகளை ஆராய்ந்து, தாமாகவே இதனைக் கண்டார். அதனால் இருவர் பெயராலும் இவ்விதி வழங்கப்படுகின்றது. ஒல்லாந்தர் கற்பிட்டிக்குப் புதியவரல்லர். இன்றும் களப்பின் வாயிலைப் பார்த்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை 1667ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டியவர்கள் அவர்களே. கோட்டைக்குக் கணக்குப் பார்த்தவர்களின் நாட்டில், கிணற்றுக்குக் கணக்குப் பார்த்தவர் பிறக்க இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

இனி ஜாக்கின் குன்றுக்குத் திரும்பலாம். நன்னீர்த் திரள் தடித்து நிற்பதற்கு, அதன் மேல்மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்க வேண்டும். அவ்வாறு உயர்ந்து நிற்க இடம் கொடுப்பது உயர்ந்தும் அகன்றும் கிடக்கும் மணல்மேடு. தாழ்ந்த இடத்தில் நீர் நிலத்தின் மேலே கசிந்து களப்புக்கு ஓடிவிடும்; மேட்டினுள்ளே அது குவிந்து தங்கும். மேட்டின் உச்சியிற் கிணறு வெட்டுவாரில்லை. அதன் அடிவாரத்திலும் இடையிலுள்ள தாழ்வுகளிலும் வெட்டுவர். ஆயினும் அவ்வாளியில் வந்து விழும் நீரைத் தாங்கி நிற்பது மேடே. ஆகவே தண்ணீருக்குக் குன்றை நாடிச் சென்ற அவ்விரு பிள்ளைகளும், இங்கிலாந்தின் கற்குன்றைவிடப் புத்தளத்தின் மணற்குன்றிலே பொருத்தமாக நடந்துகொண்டவர் ஆவர். நகைப்புக்கு இடமான பாட்டிலே நகைக்க முடியாத உண்மை ஒன்று அகப்பட்டிருக்கின்றது. இதை அறியாமல், பயனற்ற மணல் என்று மேட்டை வெட்டி ஏற்றுபவரும், சமனாக்குபவரும் தண்ணீர்த் தொட்டியின் சுவரையே பெயர்க்கின்றனர்.

துலாவும் வாளியுமாக இறைத்த காலத்தில் இத்தோணி ஆடாமல் நின்றது. மனிதன் கை ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிற்று. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகிய பயிர்கள் குடாநாட்டின் மணலிற் செழித்தன. மணல் நீரைப் பிடித்து வைக்காதாகையால் நாள்தோறும் இறைக்க வேண்டியிருந்தது. குடித்தொகையும் பெருகிற்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களின் தாகத்தையும் தணித்தது இம்மணலுக்குள் இருந்த மழையே. எத்தனையோ பேரைத் தாங்கிய தோணி அது. தாங்குகின்றது என்பதற்காக அதற்கு நீர்க்கோடே இல்லை என்று கொள்வது தகாது.

உப்பு ஒரு வகையில் நேர்மையான பகைவன். வந்ததும் நாக்குக்குத் தெரிவித்துவிடும். சுவையும் மணமும் நிறமும் இல்லாமல் வரும் பகைவன் வேறொன்று உண்டு. அதன் பெயர் நைத்திரேற்று. மணல் நீரைத் தடுக்காததுபோலவே பசளையையும் தடுப்பதில்லை. யூரியாவாகவும் எருவாகவும் இடப்படுவதிற் பயிர் உண்டது போக எஞ்சியது, இறைத்த நீரோடு கரைந்து மீண்டும் நிலத்தடிக்குப் போகின்றது. அதே நீரைத் தோட்டக்காரர் மறுநாளும் இறைக்கின்றார். மேலும் பசளை இடுகின்றார். வாளி சுற்றிச் சுற்றி அதே கிணற்றுக்குத் திரும்புகின்றது. திரும்பும்போதெல்லாம் சிறிது கூடுதலாகச் சுமந்து வருகின்றது. கிணற்றுக்கு அருகில் மலசலகூடக் குழி இருந்தால் அதன் பங்கும் சேர்கின்றது.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கற்பிட்டிப் பகுதிக் கிணறுகளை ஆராய்ந்தோர், பயிர்ச்செய்கை மிகுந்த இடங்களிற் பலவற்றில் இவ்வெல்லை கடந்திருக்கக் கண்டுள்ளனர். வளர்ந்தவரின் உடல் இதனை ஓரளவு தாங்கும். தாங்க இயலாதது, ஆறு மாதம் நிரம்பாத, புட்டிப்பால் அருந்தும் குழந்தை. அதன் உடலில் நைத்திரேற்று மாற்றமடைந்து, குருதி பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஆற்றலைக் குறைக்கின்றது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. உரிய காலத்தில் மருத்துவம் கிடையாவிடில் உயிருக்கே கேடு நேரலாம். எந்தப் பாட்டின் பொருளை எவரும் கேட்பதில்லையோ, அந்தப் பாட்டைக் கேட்டு உறங்குகின்ற குழந்தையே வாளித் தண்ணீரின் முதற் பலியாகக்கூடியது என்பதை நேயர்கள் சிந்திக்க வேண்டும்.

இவ்விடத்திலே அன்னையர் பலர் நன்னோக்கத்தோடு செய்யும் ஒரு தவறைச் சொல்லாமல் விடலாகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாத் தீமையும் போய்விடும் என்பது பொதுவான நம்பிக்கை. நோய்க் கிருமிகள் போவது உண்மை. நைத்திரேற்றோ கிருமியன்று, உப்பைப் போல் கரைந்து நிற்பது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகக் குறையும். நைத்திரேற்று மட்டும் குறையாது. ஆகவே நெடுநேரம் கொதித்த நீரில் அது முன்னிலும் செறிவாகவே இருக்கும். தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால், தோட்டக் கிணற்று நீரை விடுத்து, பரிசோதித்து நல்லதென அறிந்த நீரையே கொள்ள வேண்டும். ஐயமுள்ள கிணற்றைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறி, நீரைப் பரிசோதிப்பிப்பது நன்று.

தோட்டக்காரர் செய்யத் தக்கவையும் உள. பசளையை ஒரே முறையிற் கொட்டாமல், பயிரின் வயதுக்கேற்பச் சிறிது சிறிதாக இடுதல். வாய்க்காலிற் பாய்ச்சுவதைத் தவிர்த்து வேரடியிலே துளித்துளியாக விடுதல். ஓரிடத்திலே ஆழ வெட்டி ஓயாமல் இறைப்பதினும், ஆழமில்லாத கிணறுகளில் இடைவிட்டு அளவாக இறைத்தல். குடிநீர்க் கிணற்றைத் தோட்டத்துக்கும் குழிகளுக்கும் எட்டத்தில் அமைத்தல் ஆகியன அவை. ஆண்டின் பிற்பகுதியிற் பெய்யும் பருவமழையைக் கூரையிலிருந்து தொட்டியில் ஏந்தினால், அவ்வளவு நீரைத் தோணியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளின்மேல் கணக்கு வைத்திருத்தலே இவற்றுக்கு வேண்டிய முதல்.

ஜாக்கின் பாட்டிற் கேட்கப்படாத கேள்வி இன்னும் ஒன்று இருக்கின்றது. சிறுவனின் தலைக்கு வைத்தியம் பார்த்தனர், வினாகிரி வந்தது, கடதாசி வந்தது, படுக்கை விரிக்கப்பட்டது. சிந்திய வாளியைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலை அவ்வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் கொண்டுவந்தவர் யார் என்பதும் தெரியவில்லை. குன்றிலே ஊற்று உள்ள நாட்டில் அக்கேள்வி எழாமற் போயிருக்கலாம். மறுநாள் மீண்டும் ஏறினால் தண்ணீர் அங்கேயே இருக்கும். புத்தளக் கரையிலே பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, "தண்ணீர் என்னவாயிற்று?" என்று கேட்குமானால், அக்கேள்விக்கு ஆசிரியர் சிரித்துவிட்டுப் போகலாகாது. அப்பிள்ளையைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று விடை சொல்ல வேண்டும்.